பாலிஷ் டப்பாவைத் திறப்பதற்கு முன்

முதல் கிட்டாரைத் தம் கையாலேயே செய்துகொண்டிருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்



பெட்டியை மூடிவிட்டீர்கள். ஓரப்பட்டை ஒட்டியாயிற்று. கழுத்தும் உடலும் சேர்ந்து நிற்பதைப் பார்த்து, வீட்டுக்கு வருகிறவர்கள் "நீயேவா செஞ்சே?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இந்த இடத்தில்தான் கை பரபரக்கும். இனி என்ன இருக்கிறது, பளபளவென்று பாலிஷ் ஏற்றி, கம்பி மாட்டி, அடுத்த வாரம் வாசித்துக் காட்டிவிடலாம் என்று தோன்றும். அந்த "அடுத்த வாரம்" பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் கிட்டார் பழுது பார்க்கிறவன். கையால் செய்த முதல் கிட்டார்கள் அவ்வப்போது என் மேசைக்கு வரும். உள்ளே விளக்கை விட்டுப் பார்த்தால் பிரேஸ்களை அத்தனை அழகாகச் செதுக்கியிருப்பார்கள். ரோஸ்வுட் பக்கங்களைச் சூட்டில் வளைத்த நேர்த்தியைத் தடவிப் பார்க்கத் தோன்றும். மேலே பார்த்தால் முகம் தெரிகிற அளவுக்கு ஒரு பூச்சு, அரை மில்லிமீட்டர் கனத்தில். முதல் ஃப்ரெட்டில் ஒரு கம்பியை அழுத்தினால் விரல் நுனி கெஞ்சும். மாதக்கணக்கில் மரத்தோடு பொறுமை காத்தவர், கடைசியில் பொறுமையைக் கைவிட்டது அப்பட்டமாகத் தெரியும். கண்ணுக்கு வேண்டியதையெல்லாம் செய்துவிட்டு, வாசிக்கிற கைக்கு வேண்டியதை விட்டுவிட்டார்.

என் வேண்டுகோள் இதுதான். பூச்சை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். அதில் மிச்சமாகும் நேரத்தை, கம்பி தலைப்பக்கம் அமரும் நட்டிலும் பிரிட்ஜில் அமரும் சேடிலிலும் செலவிடுங்கள்.

பூச்சுக்கு முன் ஒரு தடவை கம்பி ஏற்றிப் பாருங்கள். வெறும் மரத்திலேயே கம்பி ஏற்றிச் சில நாள் வாசித்துப் பார்ப்பது இந்தத் தொழிலில் பலருக்கும் வழக்கம். 12–53 அளவு ஸ்டீல் கம்பி செட் முழுச் சுருதிக்கு வந்தால் மொத்தமாக 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். அந்த இழுவையில் மேல்பலகை பிரிட்ஜுக்குப் பின்னால் லேசாக உப்பும், முன்னால் லேசாக அமுங்கும். கழுத்தும் முன்பக்கமாகச் சற்று வளையும். இவையெல்லாம் எவ்வளவு நடக்கின்றன என்பதை எந்தப் புத்தகமும் உங்கள் மரத்துக்காகச் சொல்ல முடியாது. சத்தம் இறுகிக் கிடக்கிறது, தடித்த கம்பி முணுமுணுக்கிறது என்று இப்போது தெரிந்தால், சவுண்ட்ஹோல் வழியாகக் கையை விட்டு பிரேஸைக் கொஞ்சம் சீவலாம். மேல்பலகையின் ஓரத்தை உப்புத்தாளால் இன்னும் கொஞ்சம் மெலிய வைக்கலாம். பூச்சு ஏறிய பிறகு ஓரத்தில் கை வைக்க யாருக்கும் மனம் வராது.

அரக்குப் பூச்சு போடப் போகிறீர்கள் என்றால் இது சுலபம். அழுக்கு படியாமல் இருக்க மெல்லிய அரக்கு ஒரு கை தடவி, பிரிட்ஜ் உட்காரும் இடத்தை மட்டும் வெறும் மரமாக விட்டு, பிரிட்ஜை ஒட்டிக் கம்பி ஏற்றலாம். பிறகு கம்பியைக் கழற்றிவிட்டு, பிரிட்ஜைச் சுற்றியே பூச்சைத் தொடரலாம். லாக்கர் ஸ்பிரே செய்கிறவர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் கழுத்தைப் பசையில்லாமல் போல்ட்டில் மாட்டி, நேர்ப்பட்டையை ஃப்ரெட்டுகளின் மேல் நீட்டி வைத்தாவது பார்க்க வேண்டும். பட்டையின் முனை, பிரிட்ஜை அதன் இடத்தில் வைத்தால் அதன் மேற்பரப்பை உரசிக்கொண்டு போக வேண்டும். அதற்குக் கீழே இடித்தால் கழுத்தின் கோணம் தவறு. அதை இப்போது திருத்த அரை மணி நேரம். பூச்சு போட்டு ஒட்டிய பிறகு திருத்துவது என்னைப் போன்றவர்களுக்குப் பிழைப்பு.

இனி பூச்சு. பூச்சு எதற்காக? வியர்வையும் அழுக்கும் மரத்தில் ஏறாமல் இருக்க, ஈரம் உள்ளே புகுவதைத் தாமதப்படுத்த. சத்தத்துக்கு அது எதையும் கூட்டித் தருவதில்லை, எடுத்துக்கொள்ளத்தான் முடியும். 1862-இல் ஸ்பெயின் நாட்டு அன்டோனியோ டி டோரஸ், பின்பலகையையும் பக்கங்களையும் காகிதக் கூழ் அட்டையால் செய்து, மேல்பலகைக்கு மட்டும் நல்ல ஸ்ப்ரூஸ் போட்டு ஒரு கிட்டார் செய்தார். குரல் மேல்பலகையில்தான் இருக்கிறது என்று காட்டுவதற்காகவே செய்தது. பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. உங்கள் மேல்பலகையின் கனம் இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் வரை இருக்கும். கால் மில்லிமீட்டர் குறைக்க எத்தனை தடவை அளந்து அளந்து சீவினீர்கள்! அதன் தலையில் அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கைக் கொட்டினால் அந்தச் சீவலுக்கு என்ன அர்த்தம்? நல்ல கைவேலைக் கிட்டாரில் பூச்சின் மொத்தக் கனம் 0.1 முதல் 0.15 மி.மீ. வரைதான் இருக்கும். அரக்கு இன்னும் மெலிது.

நம் ஊர் மரச்சாமான் பாலிஷ்காரர்களிடம் யோசனை கேட்டால் "பி.யு. அடிச்சுடலாம், இருபது வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்பார்கள். டைனிங் டேபிளுக்கு பி.யு. என்கிற பாலியூரித்தேன் சரியான பதில். சாம்பார் சிந்தும் பலகைக்குத் தேவையான கவசம் வேறு, அதிர வேண்டிய பலகைக்கு வேறு. மெலமைனும் அப்படித்தான்.

ஆகையால் முதல் கிட்டாருக்கு என் ஓட்டு அரக்குக்கு. டோரஸ் காலத்து ஸ்பெயின் கிட்டார்களுக்கு மேலே இருப்பதும் அதுதான்; இன்றும் உயர்ந்த கிளாசிக்கல் கிட்டார்களில் பலவற்றுக்கு அதுதான். ஸ்பிரே துப்பாக்கி வேண்டாம், கம்ப்ரசர் வேண்டாம், தனி அறை வேண்டாம். அதோடு அது நம் நாட்டுச் சரக்கு. புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் அரக்குப் பூச்சி கசியவிடும் பிசின். ஜார்க்கண்ட் பக்கம் பழங்குடி மக்கள் கிளையோடு வெட்டிச் சுரண்டிச் சேர்க்கிறார்கள். தியாகராஜ பாகவதரின் பாட்டு வீடுகளில் சுழன்றது அரக்கு சேர்த்துச் செய்த இசைத்தட்டில்தான். மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேலே மினுக்காக இருப்பதும் பல நேரம் இதேதான். இவ்வளவு நெருக்கமான ஒரு பொருளை விட்டுவிட்டு, வெளிநாட்டு வீடியோவில் பார்த்த பெயர் தெரியாத டப்பாவைத் தேடி அலைகிறோம்.

மெழுகு நீக்கிய சருகாக வாங்குங்கள். கரைத்து வைத்த புட்டி வேண்டாம். 100 மி.லி. ஸ்பிரிட்டுக்கு 20 முதல் 25 கிராம் சருகு, இரவில் போட்டு வைத்தால் காலையில் கரைந்திருக்கும், வடிகட்டிக்கொள்ளுங்கள். அவ்வப்போது தேவைக்குக் கொஞ்சமாகக் கரைப்பதுதான் நல்லது, ஏனென்றால் கரைத்த அரக்கு வைத்திருந்து பழசானால் இறுகவே இறுகாது. மாதங்கள் கழித்தும் பிசுபிசுக்கும். சந்தேகம் வந்தால் ஒரு கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு, மறுநாள் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் கொட்டிவிடுங்கள். ஹார்டுவேர் கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருந்தால் பூச்சு வெளுக்கும். நச்சான மெத்தனாலும் அதில் இருக்கலாம் என்பதால் கையுறையும் காற்றோட்டமும் அவசியம். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலிலும் அரக்கு கரையும், சற்று மெதுவாக.

அரக்குக்கு முன் மரம் தயாராக வேண்டும். இந்த வேலை சலிப்பூட்டும், ஆனால் பாதி வெற்றி இங்கேதான். 120-இல் தொடங்கி 180, 220, 320 என்று உப்புத்தாளை மாற்றிக்கொண்டே, இழையின் போக்கிலேயே தேயுங்கள். பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைப் பலகைக்குப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒரு தடவை துடையுங்கள். காய்ந்த பசைத் துளிகள், குறுக்குக் கீறல்கள், ஓரப்பட்டை அருகே விடுபட்ட இடங்கள் எல்லாம் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். இப்போது தெரியாத கீறல் பூச்சுக்குக் கீழே இரண்டு மடங்காகத் தெரியும். மேல்பலகையில் நகம் பட்டுப் பள்ளம் விழுந்திருந்தால் ஈரத்துணியை வைத்து, சூடான சால்டரிங் இரும்பால் தொட்டெடுங்கள்; ஆவியில் இழை மேலே வந்துவிடும். ரோஸ்வுட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த ஈட்டி மரத்தின் சாயம் ஸ்பிரிட்டில் கரையும். பக்கத்தைத் துடைத்த அதே துணி வெள்ளை ஸ்ப்ரூஸில் பட்டால் ஊதாக் கறை விழும். மேல்பலகைக்கும் ஓரக்கோடுகளுக்கும் முதலில் அரக்கு தடவிக் காப்பிட்டுவிட்டு, பிறகு ரோஸ்வுட்டைத் தொடுங்கள், வேறு துணியால்.

ரோஸ்வுட்டுக்கும் மகோகனிக்கும் இழைத்துளைகள் பெரிது. நிரப்பாமல் விட்டால் பூச்சு அங்கங்கே குழிந்து நிற்கும். பழைய முறை பியூமிஸ் கல்லின் மாவு. ஸ்பிரிட்டும் சிறிது அரக்கும் தொட்ட துணிப் பொட்டலத்தில் அந்த மாவைக் கிள்ளித் தூவித் தேய்த்துக்கொண்டே போனால், மரத்தூளும் மாவும் அரக்கும் சேர்ந்து துளையை அடைக்கும். தோள் வலிக்கும் வேலை. அவசரக்காரர்கள் மெல்லிய எபாக்ஸி தேய்த்துச் சுரண்டிவிடுகிறார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஸ்ப்ரூஸுக்கு இது எதுவும் தேவையில்லை.

பிறகுதான் அந்தப் பொட்டலம். பஞ்சோ கம்பளித் துண்டோ உள்ளே, நூல் உதிராத பழைய பருத்தித் துணி வெளியே. தோசைக்கல்லில் எண்ணெய் தேய்க்கிற அதே கை இங்கேயும் வேண்டும்: ஈரம் தெரிந்தும் தெரியாமலும், எங்கும் தேங்காமல். அரக்கு, சில சொட்டு ஸ்பிரிட், வழுக்கலுக்கு ஒரே ஒரு துளி ஆலிவ் எண்ணெய். வட்டமாக, எட்டு போல, நீளவாக்கில் என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். விமானம் தரையைத் தொடுவதும் எழுவதும் நினைவிருக்கட்டும். பொட்டலம் நகர்ந்துகொண்டே பலகையில் இறங்க வேண்டும், நகர்ந்துகொண்டே ஏற வேண்டும். நடுவில் நின்றால் அங்கேயே ஒட்டி, கீழே இருக்கும் படலத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். ஒட்டத் தொடங்கினால் அன்றைக்கு வேலை முடிந்தது, எழுந்துவிடுங்கள். அரக்கின் பெரிய நற்குணம், புதிய படலம் பழையதைச் சற்று கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். பி.யு. போல அடுக்கடுக்காக நிற்காது. அதனால் பல வருடம் கழித்துக் கீறல் விழுந்தாலும் அந்த இடத்தை மட்டும் தேய்த்துச் சேர்க்கலாம். இறுதியில் ஸ்பிரிட் மட்டும் தொட்ட பொட்டலத்தால் எண்ணெயை இழுத்தெடுங்கள். மினுமினுப்பு அப்போது வரும்.

அரக்கின் குறையையும் சொல்லிவிடுகிறேன். வியர்வையும் வெப்பமும் அதற்கு ஆகாது. சாராயம் சிந்தினால் அந்த இடம் போயிற்று. சென்னையில் சட்டையில்லாமல் வாசிப்பவர்களின் முழங்கை படும் ஓரம் ஒரு வருடத்தில் மங்கும். அது பொறுக்காது என்பவர்கள் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருக்குப் போகலாம். 1920-களில் கார்களுக்கு வேகமாகக் காயும் வண்ணம் தேவைப்பட்டபோது பரவிய சரக்கு அது. அமெரிக்காவின் மார்ட்டின் கிட்டார் நிறுவனமும் அந்தப் பத்தாண்டில்தான் அதற்கு மாறியது. அழகானது, மெலிதாக நிற்கும், வயதானால் மஞ்சளாகும், கடுங்குளிரில் மயிர்க்கோடு போல வெடிக்கும். ஆனால் வாரக்கணக்கில் காயவிட வேண்டும். மூக்கை ஒட்டி வைத்து முகர்ந்தால் தின்னர் வாசனை போயிருக்க வேண்டும். அதற்குள் பாலிஷ் போட்டால் கீழே இருக்கும் இழை மறுபடி மேலே தெரியும்.

லாக்கர் ஆவி பெட்ரோலைப் போலப் பற்றும். பூஜை அறையில் விளக்கு எரிகிற வீட்டில், அடுத்த அறையில் ஸ்பிரே செய்யாதீர்கள். துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. கரி நிரப்பிய வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பி.யு.வின் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஒருமுறை ஆஸ்துமாவைக் கிளப்பிவிட்டால் பிறகு வாழ்நாள் முழுக்க அந்தப் பக்கம் போக முடியாது. கழுத்துக்கு மட்டும் ஆளிவிதை எண்ணெய்ப் பூச்சு தடவுகிறவர்கள், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட வேண்டாம். காய்கிறபோது எழும் சூட்டில் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், வெளியில்.

எண்ணெய்ப் பூச்சு கழுத்துக்கு நல்லது என்பது என் கட்சி. பளபளக்கும் கழுத்து நம் ஊர் வியர்வையில் கட்டைவிரலைப் பிடித்து நிறுத்தும். உடல் எப்படி மின்னினாலும் கழுத்தின் பின்புறத்தை மங்கலாக விடுங்கள். விரல்பலகைக்குப் பூச்சே வேண்டாம். கருங்காலியோ ரோஸ்வுட்டோ, ஒரு துளி எண்ணெய் தேய்த்துத் துடைத்தால் போதும்.

மழைக்காலத்தில் பூச்சு வேலையைத் தொடாதீர்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஸ்பிரிட் ஆவியாகும் வேகத்தில் பலகை குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு பால் போல வெளுத்துவிடும். தை பிறக்கட்டும். அதுவரை செய்ய வேலை நிறைய இருக்கிறது.

பிரிட்ஜைப் பற்றி ஒன்றே ஒன்று. அது மரத்தில் ஒட்ட வேண்டும், பூச்சில் ஒட்டக்கூடாது. என்னிடம் பிரிட்ஜ் பெயர்ந்து வரும் கிட்டார்களில் அடியில் பார்த்தால் பெரும்பாலும் பளபளவென்று லாக்கர் இருக்கும். இடத்தை முன்பே குறித்து, டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். அல்லது பூச்சு இறுகிய பின் கூரிய உளியால் சுரண்டி வெறும் மரத்தைக் காணுங்கள். வச்சிரம் காய்ச்சத் தெரிந்தவர்கள் அதையே பயன்படுத்துங்கள். சாதாரண வெள்ளைப் பசை, வெயிலில் நிறுத்திய காருக்குள் இளகி, 70 கிலோ இழுவைக்கு மெல்ல மெல்ல நகர்ந்துகொடுக்கும்.

இப்போது, நான் இந்த மடலை எழுதியதற்கே காரணமான பகுதிக்கு வந்திருக்கிறேன். கம்பி ஏற்றி, கழுத்தைப் பாருங்கள். முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, ஆறாவது கம்பியைக் கழுத்தும் உடலும் சேரும் ஃப்ரெட்டில் அழுத்தினால், ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே மெல்லிய இடைவெளி தெரியும். 0.1 முதல் 0.25 மி.மீ. வரை இருக்கலாம். அளக்கத் தனிக் கருவி வேண்டாம், டூ-வீலர் மெக்கானிக் டாப்பெட் பார்க்கும் ஃபீலர் கேஜ் போதும். இந்த வளைவைக் கூட்டக் குறைக்கத்தான் டிரஸ் ராட். கிப்சன் நிறுவனத்தில் இருந்த தாடியஸ் மக்ஹ்யூ 1923-இல் காப்புரிமை பெற்ற யோசனை அது. கம்பி உயரமாக இருக்கிறது என்று டிரஸ் ராடை முறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். உயரத்துக்குச் சேடில் இருக்கிறது. ராடை ஒரு நேரத்தில் கால் சுற்று திருப்பி, மறுபடி அளந்து பாருங்கள்.

ஃப்ரெட்டுகளைச் சமன் செய்வதைப் பற்றி நீட்ட மாட்டேன். கழுத்து நேராக இருக்கும்போது தலைகளில் மார்க்கர் மை தடவி, தட்டையான கட்டையில் ஒட்டிய 320 உப்புத்தாளால் எல்லாவற்றிலும் மை தொட்டழியும் வரை தேய்த்து, பிறகு ஒவ்வொன்றுக்கும் வளைந்த உச்சி கொடுத்து, 2000 வரை மெருகேற்றுங்கள். ஓரங்கள் உள்ளங்கையைக் கீறக்கூடாது.

நட்டுக்கு வருவோம். விரலுக்குப் பலமில்லை, எனக்கு கிட்டார் வராது என்று எஃப் கார்டில் தோற்றுப்போய்க் கிட்டாரைப் பரணில் போட்டவர்கள் எத்தனை பேர்! அவர்கள் கருவிகளை எடுத்துப் பார்த்தால் நட்டின் பள்ளங்கள் ஆழமாக வெட்டப்படாமலே இருக்கும். கம்பி அங்கே உயரமாக நின்றால் அழுத்துவதும் கடினம், அழுத்தும்போது கம்பி இழுபட்டுச் சுருதியும் ஏறிவிடும். கையால் செய்த கிட்டார்களிலும் இதேதான், ஏனென்றால் செய்தவருக்கு அதற்குமேல் அறுக்கப் பயம். சரிபார்க்க ஒரு வழி: இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்டுகளுக்கு நடுவே கம்பியை அழுத்தி, முதல் ஃப்ரெட்டின் மேல் என்ன இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு சாதாரணத் தாளின் கனத்தைவிடக் குறைவாக, ஆனால் இருந்தாக வேண்டும். விரலால் தட்டினால் "டிக்" என்று ஃப்ரெட்டைத் தொட்டு மீளும். அந்த "டிக்" கேட்கும் வரை அறுங்கள். கேட்பதே நின்றுவிட்டால் தாண்டிவிட்டீர்கள், புது நட்.

எலும்பு நட் போடுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். பள்ளம் கம்பியின் கனத்துக்கே ஏற்ப, அடி உருண்டையாக இருக்கட்டும். அளவு பிரித்த நட் அரங்கள் விலை அதிகம். கேஸ் வெல்டிங் கடையில் கிடைக்கும் டிப் கிளீனர் செட் பல அளவுகளில் வரும், முதல் கிட்டாருக்கு அது தாங்கும். பள்ளம் தலைப்பக்கம் சரிந்து, கம்பி விரல்பலகைப் பக்க விளிம்பில் மட்டும் அமர வேண்டும். தரை தட்டையாகவோ பின்னால் உயர்ந்தோ இருந்தால் கம்பி அங்கே உரசிக்கொண்டே அதிரும். தம்புராவில் ஜீவா நூல் வைத்து நாமாக வரவழைக்கிற ரீங்காரம் அது. கிட்டாரில் கேட்டால் நட்டைக் கழற்ற வேண்டியதுதான். கம்பிகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம் சமமாக இருக்கும்படி பிரியுங்கள். மையத்துக்கு மையம் சமமாக அளந்தால் தடித்த கம்பிகள் நெருங்கிக்கொள்ளும்.

அடுத்தது சேடில். 12-ஆவது ஃப்ரெட்டின் மேல் தடித்த ஈ கம்பி 2.4 மி.மீ., மெல்லிய ஈ கம்பி 1.6 முதல் 1.8 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். நைலான் கம்பிக்கு அதிரும் அகலம் அதிகம் என்பதால் ஏறக்குறைய 4-ம் 3-ம். சேடிலில் எடுப்பது 12-ஆவது ஃப்ரெட்டில் பாதியாகத்தான் தெரியும். 3.2-இலிருந்து 2.4-க்கு வர வேண்டுமானால் சேடிலில் 1.6 மி.மீ. குறைக்க வேண்டும். கண்ணாடி மேல் உப்புத்தாளை ஒட்டி, அடிப்பக்கத்தைச் செங்குத்தாக வைத்துத் தேயுங்கள். பள்ளத்தில் சாயாமல், ஆடாமல், ஆனால் கையால் பிடுங்க வருகிற மாதிரி இருக்க வேண்டும். பசை வேண்டாம். கம்பியின் உருண்டை முனை உள்ளே பிரிட்ஜ் தட்டைப் பற்றிக்கொண்டிருக்கிறதா என்று கண்ணாடி விட்டுப் பாருங்கள். பிரிட்ஜ் பின்னின் நுனியில் தொங்கினால் ஒரு நாள் அந்தப் பின் பறக்கும்.

கம்பியை அழுத்தும்போது அது கொஞ்சம் இழுபடுகிறது. அதற்கென்று ஒரு விறைப்பும் இருக்கிறது. இரண்டும் சுருதியை ஏற்றும். அதைச் சரிக்கட்டத்தான் சேடில் சாய்ந்து நிற்கிறது. 645 மி.மீ. அளவுள்ள கிட்டாரில் மெல்லிய ஈ கம்பிக்கு ஏறக்குறைய 2 மி.மீ.யும், தடித்த ஈ கம்பிக்கு 4 முதல் 5 மி.மீ.யும் தள்ளி நிற்க வேண்டியிருக்கும். வீணைக்கு மேளம் கட்டுகிறவர் 24 மெட்டுகளையும் மெழுகில் பதித்து, ஒவ்வொன்றையும் காதால் கேட்டு நகர்த்திக்கொள்வார். நமக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. ஃப்ரெட்டுகள் அறுத்த பள்ளத்தில் இறுகிவிட்டன. நகர்த்த மிஞ்சியிருப்பது அந்த 3 மி.மீ. அகல எலும்பின் உச்சி மட்டும். 12-ஆவது ஃப்ரெட்டின் ஹார்மோனிக்கையும் அதே ஃப்ரெட்டில் அழுத்திய சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது கூடினால் உச்சியைப் பின்னால் தள்ளி அரவுங்கள், குறைந்தால் முன்னால். பி கம்பிக்குத் தனியாகப் பின்தள்ளல் வேண்டியிருக்கும்.

கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எல்லாம் சரியாக வந்த பிறகும் உங்கள் காது அந்தர காந்தாரத்தில் முகம் சுளிக்கும். கிட்டாரின் ஃப்ரெட்டுகள் சம இடைவெளிச் சுருதிக்கு அறுத்தவை. அதில் அந்தக் காந்தாரம் தம்புராவில் தானாக எழும் காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் கூடுதல். ஒரு அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் அதில் பதினான்கு. உங்கள் வேலையில் பிழையில்லை. அதற்காகச் சேடிலை அரவிக்கொண்டே போகாதீர்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு, பத்து நாள் எதையும் தொடாதீர்கள், வாசிப்பதைத் தவிர. புது மேல்பலகை இழுவைக்குப் பழகி மெல்ல எழும்பும், கம்பியின் உயரம், அதாவது ஆக்‌ஷன் தானாக ஏறும். முதல் நாளே கச்சிதமாக வைத்தவர்கள் பிறகு மறுபடி சேடிலைக் கழற்றிக் குறைக்கிறார்கள். காற்றின் ஈரப்பதம் இன்னொரு கை. கிட்டாருக்கு 45 முதல் 50 சதவீதம் இதமானது; கடலோர ஊர்களில் 70-க்கு மேலே சர்வசாதாரணம். ஈரம் ஏறினால் பலகை இழைக்குக் குறுக்கே விரிந்து உப்பும், கம்பி உயரும். ஏ.சி. அறையிலேயே கிடந்தால் அமுங்கும். மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என்று இரண்டு சேடில் வைத்திருப்பவர்கள் உண்டு; நானும் அதையே சொல்வேன். டொராண்டோவில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால், அங்கே குளிர்காலத்து ஹீட்டர் வீட்டில் 30-க்கும் கீழே போகும், பெட்டிக்குள் ஈரம் காக்கும் பை இல்லாவிட்டால் மேல்பலகை பிளந்துவிடும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

பூச்சு தேய்ந்துபோகுமே என்று இன்னும் கவலைப்படுகிறவர்கள், அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனின் கிட்டார் படத்தைத் தேடிப் பாருங்கள். 1969-இல் வாங்கிய மார்ட்டின் என்-20. பிக் பட்டுப் பட்டு மேல்பலகையில் இன்னொரு ஓட்டையே விழுந்துவிட்டது. அவர் அதையே வாசித்துக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக லேபிள். சவுண்ட்ஹோல் வழியாகத் தெரிகிற இடத்தில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுவீர்கள், சந்தோஷம். அதன் கீழே இன்னும் சில வரிகள் சேருங்கள். மேலே இருப்பது அரக்கா, லாக்கரா, பி.யு.வா; பிரிட்ஜுக்கும் கழுத்துக்கும் எந்தப் பசை; எந்த அளவுக் கம்பிக்குச் செய்தது; செட் செய்த அன்று ஆக்‌ஷன் எவ்வளவு, அறையின் ஈரப்பதம் எவ்வளவு. இருபது வருடம் கழித்துக் கழுத்தைக் கழற்றி ஒட்ட வேண்டி வரும்போது, ஸ்பிரிட் தொட்ட துணியை வைக்கலாமா கூடாதா, ஆவி விட்டால் பசை விடுமா விடாதா என்று தெரியாமல் ஒருவர் உங்கள் கிட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை மங்கிவிடும்.

அன்புடன்,
கிட்டார் பழுது பார்க்கும் ஒருவன்